'கெட் பை'க்கு நாம் தேடிய தமிழ்

நேற்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். செவிலியர் கல்லூரியில் முதலாண்டுப் பெண்களுக்கு ஆங்கிலத் தேர்வு. 'கெட் பை' என்பதை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். பாபநாசத்திலிருந்து வரும் ஒரு பெண், தான் கல்லூரிக்கு 'கெட் பை பஸ்' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். உன்னிடம் சொல்லியாக வேண்டும் என்று கை ஃபோனைத் தேடியது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சென்னை ஓட்டல். வளைகுடாவில் ஒரு மருத்துவமனைக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று உன் மாமா சொல்லியனுப்ப, தஞ்சாவூரில் ஒரே நர்சிங் ஹோமில் வேலை பார்த்த நாம் இருவரும் லீவு சொல்லிவிட்டு ரயிலேறினோம். உனக்கு வலங்கைமானில் அத்தாவின் துணிக்கடை இருந்தது. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் என் தம்பியின் படிப்பு நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் நம் நர்சிங் ஹோமைப் பற்றி ஏதேதோ கேட்டுவிட்டு, கடைசியாக 'ஹவ் டூ யூ கெட் பை?' என்றார். எனக்குப் புரிந்தது 'எப்படி'யும் 'பை'யும்தான். "பை டவுன் பஸ், மேடம்" என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த மூவரும் சிரித்துவிட்டார்கள். வெளியே வந்து, வேலைக்கு எதில் வருகிறாய் என்று கேட்டதாகவும், பதில் சொன்னதற்குச் சிரித்ததாகவும் உன்னிடம் சொன்னேன். அதற்குள் உன்னைக் கூப்பிட்டார்கள், நீ உள்ளே போனாய்.

உள்ளே நடந்ததை ரயிலில் திரும்பும்போதுதான் சொன்னாய். உன்னிடமும் அதே கேள்வி. நீ வெட்கப்படாமல், அதற்கு என்ன அர்த்தம் என்று திருப்பிக் கேட்டாய். கையில் இருக்கிற கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, வேலை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது என்று அந்த அம்மாள் விளக்கினார். குளுக்கோஸ் ஸ்டாண்ட் போதாமல் ஜன்னல் கம்பியில் காயம் கட்டும் காஸ் துணியால் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்ட கதையைச் சொன்னாய். அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஒரே ஒரு இடம்தான் பாக்கி என்று வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மேடம், மை ஃபிரெண்ட் நாட் நோ திஸ் வேர்ட். பட் ஷி டூ திஸ் எவ்ரிடே."

என்னை மறுபடி கூப்பிட்டு, எனக்குப் புரிகிற வார்த்தையில் கேட்டார்கள். ஒரு இடம் இரண்டானது, அந்த மாசியில் நாம் இருவருமே விமானம் ஏறினோம்.

அங்கே நர்ஸ் விடுதியில், துணி மடிக்கும்போதெல்லாம் அந்த வார்த்தைக்குத் தமிழ் தேடினோம். ஒப்பேத்துறது என்றேன் நான். அதில் கொஞ்சம் ஏமாற்று இருக்கிறது, இதில் இல்லை என்றாய். சமாளிக்கிறது என்றேன். அதில் பெருமை தூக்கலாக இருக்கிறதாம். பொழுதை ஓட்டுவது என்றால் வேலையே செய்யாதவன் மாதிரி இருக்கிறதாம். நாலு அரபு வார்த்தையை வைத்துக்கொண்டு வார்டில் காலம் தள்ளினோமே, அதுவும் கெட் பை. ஒரே சால்வையை முறைவைத்துப் போர்த்திக்கொண்டு குளிர்காலத்தைக் கடத்தினோமே, அதுவும் கெட் பை. சரியான தமிழ் கடைசி வரை அகப்படவில்லை.

பல வருடங்கள் கழித்து நான் தஞ்சாவூருக்குத் திரும்பிச் செவிலியர் கல்லூரியில் நர்சிங்கும் ஆங்கிலமும் நடத்தத் தொடங்கினேன். நீ கணவரோடு அங்கேயே இருந்தாய். வெள்ளிக்கிழமைதோறும் பேசுவோம். எப்படி இருக்கிறாய் என்றால் 'கெட்டிங் பை' என்பாய், இருவரும் சிரிப்போம். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே ஒரு நாள் உன் தம்பி ஃபோன் செய்து, நீ உடம்புக்கு முடியாமல் வலங்கைமானுக்கு வந்து பத்து நாள் ஆகிறது என்றான்.

மறுநாள் காலை வந்தேன். பாதியாக இளைத்துப் படுத்திருந்தாய். எப்படி இருக்கிறாய் என்றதும் அதே பதில்.

"அது வேணாம். தமிழ்ல சொல்லு" என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அப்படியே படுத்தபடி, "வலிக்குதுடி. ரெண்டு மாசமா ராத்திரி பகலா வலிக்குது" என்றாய்.

இருவருமே நர்ஸ். அத்தனை வெள்ளிக்கிழமையும் அந்த இரண்டு வார்த்தைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்காமல் விட்டேன். அன்று மத்தியானமே உன்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனேன். நோய் முற்றிவிட்டிருந்தது, அதை மாற்ற முடியவில்லை. ஆனால் வலியை என்னால் மாற்ற முடிந்தது. எட்டு மாதம் மருந்து நேரம் ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசி வாரம் நீ மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய், உப்பு குறைச்சல் என்று என்னைத் திட்டினாய். வலியில்லாமல்தான் போனாய். அதில் எனக்குக் குறையில்லை.

போன செவ்வாய்க்கிழமை மாணவிகளோடு வார்டுக்குப் போனேன். நடவு வேலைக்குப் போகிற ஒரு பெரியம்மா, காய்ச்சல் என்று வந்து படுத்திருந்தார். எப்படி இருக்கீங்க என்று ஒரு மாணவி கேட்டாள். பரவால்லம்மா என்றார். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். நான் நகரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"பரவால்லைன்னா எங்க வலிக்குதும்மா? காட்டுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லப் போர்வையை விலக்கிக் காலை நீட்டினார். விரலிடுக்கில் சேற்றுப்புண் பழுத்து, கணுக்கால் வரை வீங்கியிருந்தது. அந்த மாணவியைத் திரும்ப வரச் சொன்னேன்.