டெய்க்ராம்ப்

1.2.1995, புதன், இல்ஃபோர்ட்

ஹொலண்டில் வெள்ளம் என்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். எனக்குக் கலியாணம் பேசியிருக்கும் ரமணன் அங்கேதான் இருக்கிறார். "இஞ்சை வந்து இருக்கச் சம்மதமோ?" என்று போன கிழமை கேட்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்று அவருக்குப் போன் எடுத்தால், அவரோடு தங்கியிருக்கும் டச்சுக்காரர் பேசினார். "ரமணன், டெய்க்ராம்ப்" என்று முதல் அசையை அழுத்திச் சொன்னார். எனக்கு வேறொன்றும் விளங்கவில்லை. டச்சு அகராதியைப் புரட்டினேன். டெய்க் என்றால் அணை, ராம்ப் என்றால் பேரழிவு. அழுதுவிட்டேன்.

பின்னேரம் ரமணனே போன் எடுத்தார்.

"ஐயோ, அதை டெய், க்ராம்ப் எண்டெல்லோ பிரிக்கவேணும்! டெய் எண்டால் தொடை, க்ராம்ப் எண்டால் தசைப்பிடிப்பு. பந்தடிக்கேக்கை தொடை இழுத்துப் பிடிச்சிட்டுது, அவ்வளவுதான்."

எப்படிப் பிரித்தாலும் அழுத்தம் முதல் அசையில்தானாம். பிறகு காதுக்கு எப்படித் தெரியும்? இதுவும் ஒரு பாஷையா!

"அழுதனீங்களோ?"

"ஓம்."

"அப்ப நான் போன கிழமை கேட்டதுக்கு?"

திரும்பவும் "ஓம்" என்றேன். ஓரசைச் சொல். அதை எங்கே பிரித்து வேறு பொருள் எடுக்கிறார், பார்ப்போம்.