சுடர் ஆடவில்லை

12 ஜூன் 1963, சிவகாசி

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. ஆறாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். ‘பென்’ என்று சொல்லச் சொன்னால் ஐம்பத்திரண்டும் நம் ஊர் ‘ப’வைத்தான் சொல்கின்றன. ஆங்கிலேயன் அந்த இடத்தில் மூச்சைத் துப்புகிறான். நாம் உதட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். தலைமையாசிரியை இன்பம் அம்மாளிடம் இதைச் சொன்னேன். “பெஞ்சு ரெண்டு காலொடிஞ்சு கெடக்கு ஞானதீபம், மொதல்ல அதப் பாருங்க” என்றார்.

சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. ஒலியியல் ஓராண்டுப் படிப்பு. உள்ளூர்க்காரர் ஒருவரின் பேச்சை ஒலி ஒலியாகப் பிரித்து, ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு, ஜூலை முடிவதற்குள் கட்டுரை அனுப்ப வேண்டும். தேறினால் இடம். வயது வரம்பு முப்பத்தைந்து. எனக்கு அக்டோபரில் முப்பத்தைந்து முடிகிறது. ஆக, முதலும் கடைசியும் இதுதான்.

17 ஜூன்

ஆள் கிடைத்துவிட்டாள். வேலுத்தாய், நாரணாபுரம். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற ஷெட்டில் வேலை. அவள் மகள் பொன்னுத்தங்கம் என் வகுப்பில் படிக்கிறாள். ஐந்து மணிக்கு வேலை விட்டு என் வீட்டு வாசல் வழியாகத்தான் ஊருக்கு நடந்து போகிறாள். தினம் அரை மணி நேரம் வந்து பேசிவிட்டுப் போக முடியுமா என்று கேட்டேன்.

“எம் பேச்சுல என்ன டீச்சர் இருக்கு, அம்புட்டுத் தூரம் எழுதுறதுக்கு?”

“எல்லாம் இருக்கு. வா.”

“நீங்க சொன்னா வாறேன். பிள்ள ஒங்ககிட்டப் படிக்குதுல்லா.”

எழுதப் படிக்கத் தெரியாதவள். அதனால் எழுத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் கிடையாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

19 ஜூன்

முதல் நாள். டேப் ரிக்கார்டர் எல்லாம் சென்னையில் இருப்பவர்களுக்கு. எனக்குக் காதும் பென்சிலும் ஒரு மெழுகுவர்த்தியும்.

வாய்க்கு ஒரு சாண் தள்ளி மெழுகுவர்த்தியை வைத்துப் பேச வேண்டும். மூச்சு எங்கே வெளியே வருகிறது என்பதைச் சுடர் சொல்லிவிடும். ஆங்கிலப் பாட இசைத்தட்டில் வருகிற மாதிரி நான் ‘பின்’ என்றால் சுடர் படுத்து எழுகிறது. வேலுத்தாய் ‘பானை’ என்றாள். ஆடவில்லை. ‘படி’ என்றாள். ஆடவில்லை. எதிர்பார்த்ததுதான். சுடரை அணைக்காமலே மற்றச் சொற்களையும் கேட்டேன். அந்த வெளிச்சத்தில் உதட்டசைவு நன்றாகத் தெரிகிறது.

கண் இமைக்காமல் சுடரையே பார்க்கிறாள். நல்ல கவனம். கை, கழுத்து, முன்மயிர் எல்லாம் வெள்ளிப் பொடி மினுங்குகிறது. அழகாகத்தான் இருக்கிறது.

25 ஜூன்

ஒரு விசேஷம். சொல்லின் கடைசி உயிர் முழுதாக வருவதில்லை. ‘தண்ணி’ என்பதில் ‘ணி’ பாதியிலே அறுகிறது. தொண்டையில் யாரோ தாழ்ப்பாள் போட்ட மாதிரி. ‘சோறு’, ‘ஆடு’, ‘மழை’ – அவள் ‘மள’ என்கிறாள் – எல்லாவற்றிலும் அதே தாழ்ப்பாள். ஆங்கிலத்தில் சில வட்டாரங்களில் இப்படி உண்டு என்று படித்திருக்கிறேன். தமிழில் எவரும் குறித்ததாகத் தெரியவில்லை.

இருக்கட்டும். இன்னும் இருநூறு சொல் கேட்ட பிறகு துள்ளிக்கொள்ளலாம்.

9 ஜூலை

இருநூற்றுப் பதினெட்டுச் சொல். இருநூற்று மூன்றில் தாழ்ப்பாள்.

22 ஜூலை

கட்டுரையைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நாற்பத்தொரு பக்கம். அதில் தாழ்ப்பாளுக்கு மட்டும் ஒன்பது. வேலுத்தாயிடம் இனி வர வேண்டாம் என்றேன். “முடிஞ்சிருச்சா டீச்சர்?” என்று இரண்டு தடவை கேட்டாள். என் வீட்டுக்கு வருவது அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது போலும்.

14 ஆகஸ்ட்

பேராசிரியர் மாணிக்கராஜ் கைப்படவே எழுதியிருக்கிறார். “இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே உங்களுக்கு இடம் தரலாம். வீட்டுச் சூழலில் நீண்ட பேச்சு கொஞ்சம் குறித்து அனுப்புங்கள். அது ஒரு சம்பிரதாயந்தான்.”

மூன்று தடவை படித்தேன். இன்பம் அம்மாளிடம் காட்டினேன். “அப்ப ஆறாம் வகுப்புக்கு வேற ஆள் பாக்கணுமா?” என்றார். அவர் வாயில் அதுதான் வாழ்த்து.

18 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிந்து நாரணாபுரம் போனேன்.

தெரு முனையிலேயே வேலுத்தாயின் குரல் கேட்டது. கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள். “ஏட்டி பொன்னு, கதவச் சாத்துன்னு சொன்னேனா இல்லையாடி!” – ஒவ்வொரு சொல்லும் வால் நீண்டு முழுசாக வந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, உட்கார வைத்து, காப்பி போட்டு, ஒரு மணி நேரம் பேசினாள். தண்ணி, சோறு, ஆடு, மழை எல்லாமே பேச்சில் வந்துவிட்டன.

எங்கும் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில்கூட இல்லை.

ஏன்?

20 ஆகஸ்ட்

பொறுக்க முடியாமல் இன்று சாயங்காலம் மறுபடி போனேன். வேலுத்தாய் அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்தாள். வாசற்படி ஏறவில்லை. “இருங்க டீச்சர், குளிச்சிட்டு வந்துருதேன்” என்று கொல்லை வழியாகக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

உள்ளே அவள் அக்காள் செல்லக்கனி முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் விரல்கள் ஒட்டிப்போய், முழங்கை வரை தோல் சுருங்கியிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்கதானா அந்த மெளுகுவத்தி டீச்சர்?”

ஆமாம் என்றேன்.

“மருந்துத் துணியோட இங்கன யாரும் அடுப்படிக்கே போக மாட்டோம். குளிச்சு, துணி மாத்தி, அப்புறந்தான் தீக்குச்சியத் தொடுவோம். எங் கையப் பாத்தீகளா? ஒரு நாளு அவசரத்துல அடுப்பு முன்னால குனிஞ்சேன். அம்புட்டுத்தான். இவ தெனம் அந்தத் துணியோட ஒங்க வெளக்கு முன்னால உக்காந்திருக்கா. மூச்சு விட்டா பொடி பறந்து பத்திக்கிருமோன்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டே பேசிட்டு வாராளாம். வந்து அந்தக் கெணத்தடியில உக்காந்து நடுங்குவா.”

வேலுத்தாய் ஈரத் தலையோடு வந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“படிச்சவுக நீங்க. ஒங்களுக்குத் தெரியாததா டீச்சர்? அதோட… பிள்ளைய நெனச்சேன். நீங்க நல்லாப் படிக்க வச்சா அவ ஷெட்டுக்குள்ள கால் வைக்க வேண்டாம்ல.”

தெரியாது வேலுத்தாய். எனக்கு ஒண்ணுந் தெரியாது.

21 ஆகஸ்ட்

வெள்ளிப் பொடி மினுங்குகிறது, அழகு – என்று எழுதியிருக்கேன்! எருமை. படிச்ச எருமை. ஒரு மாசம், தினமும் அரை மணி நேரம், ஒரு சாண் தூரத்துல நெருப்பை வச்சிக்கிட்டு “இன்னும் கொஞ்சம் கிட்ட வா”ன்னு சொல்லியிருக்கேன். அவளும் வந்திருக்கா.

நான் காரியாபட்டிக்காரி, ஊர் வழக்கம் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு வருஷமாக இந்த ஊர்ச் சோற்றைத்தான் தின்கிறேன்.

24 ஆகஸ்ட்

நிதானமாக யோசித்தேன்.

நான் பிடித்தது இந்த வட்டாரத்தின் ஒலி அல்ல. அவளுடைய பயம். அந்தப் பயத்துக்கு ஒலிக்குறி போட்டு ஒன்பது பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பேராசிரியருக்கு இது தெரியப் போவதில்லை. வீட்டுப் பேச்சு நாலு பக்கம் எழுதி, அங்கங்கே ஒரு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் முடிந்தது. சென்னையிலிருந்து யார் நாரணாபுரத்துக்கு வந்து கேட்கப் போகிறார்கள்? அக்டோபரோடு என் வயது முடிகிறது.

25 ஆகஸ்ட், ஞாயிறு

பிரசங்கம் காதில் விழவில்லை. பின் பெஞ்சில் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. அதன் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

26 ஆகஸ்ட்

எழுதிவிட்டேன். “பக்கம் 22 முதல் 30 வரை தவறு. பேசியவர் நெருப்புக்கு அஞ்சி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அஞ்ச வைத்தது நான். அந்தப் பக்கங்களை நீக்கிவிடுங்கள்.” கெஞ்சலாக எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்க நினைத்தேன் என்பது உண்மை.

11 செப்டம்பர்

பதில் வந்தது. இரண்டு வாக்கியம். முதல் வாக்கியத்தில் என் நேர்மைக்குப் பாராட்டு. இரண்டாவதில், இடம் வேறொருவருக்கு.

ஆறாம் வகுப்பில் ‘பென்’ நடத்தினேன். காலொடிந்த பெஞ்சு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

7 அக்டோபர்

முப்பத்தைந்து முடிந்தது. இன்பம் அம்மாள் அல்வா கொடுத்தார். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்கவில்லை. நல்ல மனுஷி.

2 டிசம்பர்

மெழுகுவர்த்திக்குப் பதில் வேறு வழி கிடைத்துவிட்டது. பட்டாசு சுற்றுகிற மெல்லிசான காகிதத்தைக் கீறி நூலில் தொங்கவிட்டேன். ‘பின்’ என்றால் பறக்கிறது. ‘பானை’ என்றால் சும்மா இருக்கிறது. பிள்ளைகள் ஐம்பத்திரண்டும் வரிசையாக வந்து ஊதித் தள்ளிவிட்டன. முதலில் காகிதத்தைப் பறக்க விட்டவள் பொன்னுத்தங்கம். இத்தனை எளிது. ஜூன் மாதமே தோன்றியிருக்கலாம்.

21 ஜனவரி 1964

சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. தீப்பெட்டி கையெட்டும் இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் கொளுத்தவில்லை. வேலை முடிந்து பிந்திப் போகிறவர்கள் யாராவது வாசலில் வந்துவிடுவார்கள் என்று இப்போதெல்லாம் ஒரு எண்ணம்.

ஆறரை இருக்கும். வேலுத்தாய் வந்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவளை வரச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. மகள் பரீட்சையில் இங்கிலீஷில் முதலாவது வந்ததை, மார்க் போட்டதே நான்தான் என்றாலும், என்னிடம் சொல்ல அவளாகவே வந்திருக்கிறாள். அதற்காக வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப நடந்திருக்கிறாள்.

“ஏன் டீச்சர் இருட்டுல உக்காந்திருக்கீக?”

“இருக்கட்டும். பேசு.”

“பொருத்துங்க. நான் குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் வந்திருக்கேன்.”

இரண்டு குச்சி ஒடிந்து மூன்றாவது பற்றியது. மெழுகுவர்த்தியை எட்டத்தில், ஜன்னலோரம் வைத்தேன். அவள் எழுந்து போய் அதை எடுத்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

மகள் வாங்கிய மார்க்கையும், அக்காள் அதை நம்பாததையும், தெருவில் யார் யாரிடம் சொன்னாள் என்பதையும் சொல்லிக்கொண்டே போனாள். அவள் பேசப் பேசச் சுடர் ஆடிக்கொண்டே இருந்தது. பென்சில் பக்கத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.