சும்மா ஒரு செக்

நேற்று அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையோடு உங்கள் சட்டை கையில் வந்தது. நான் கட்டம் போட்ட சட்டை என்பேன், நீங்கள் செக் சட்டை என்பீர்கள். உங்களுக்கு எல்லாமே செக்தான். பேருந்தில் ஏறி டிக்கெட் பார்ப்பது செக். பேங்கில் போடுகிற தாளும் செக். காட்டாற்றில் கட்டிய தடுப்பணை செக்டேம். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் கொடுக்கப் போனால் செக்கப். பங்காளியின் வாயை அடைத்துவிட்டு வந்தால், "வச்சேன்ல அவனுக்கு ஒரு செக்கு!" என்று மீசையைத் தடவுவீர்கள். இத்தனையிலும் எனக்கு ஆகாத செக் ஒன்று உண்டு. ஆள் போன பிறகு கேட்கிறாளே என்று கோபப்படாதீர்கள். இருந்தபோது கேட்டதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னீர்களா என்ன?

திருச்சி ரோட்டில் டிக்கெட் செக்கராக வண்டி மாறி வண்டி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சில நாள் நடுவேலையில் கீரனூரில் இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் வந்து நிற்பீர்கள். முதலில் அங்கே கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பீர்கள். பிறகுதான் உள்ளே வருவீர்கள்.

"என்னங்க, இந்நேரத்துல?"

"சும்மா ஒரு செக்."

ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பீர்கள். என் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பீர்கள். வந்த வழியே போய்விடுவீர்கள்.

எதிர்வீட்டுக்காரி ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஏன்டி, ஒங்க வீட்டுக்காரரு பஸ்ஸ செக் பண்றாரா, ஒன்னைய செக் பண்றாரா?" அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அது முள்ளாகத் தைத்தது. அதற்குப் பிறகு கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பியைக்கூட நான் வீட்டுக்குள் விட்டதில்லை, சிலிண்டரைத் தெருவிலிருந்து நானே உருட்டிக்கொண்டு வந்தேன். பதிலுக்கு உங்களையும் சும்மா விடவில்லை. துவைக்கப் போடும்போது சட்டைப்பையைத் துழாவுவேன், போனில் யாரோடு குழைகிறீர்கள் என்று காது கொடுப்பேன். இரண்டு பேரும் நல்ல குடும்பம் நடத்தினோம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "என்னைய நம்பலையா நீங்க?"

"நல்ல கண்டக்டரு செக்கரப் பாத்து மொகம் சுளிக்க மாட்டான்" என்றீர்கள். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. நம்புகிறேன் என்ற ஒரு சொல்லை நீங்கள் கடைசிவரை சொல்லவே இல்லை. நீங்கள் போன அன்று ஊரே அழுதது. நானும் அழுதேன், ஆனால் அந்தக் கேள்வி அழுகையோடு போகவில்லை.

போன மாதம் கண்ணைக் காட்டத் திருச்சிக்குப் போனேன். வண்டியில் கூட்டம் குறைந்ததும் தலை நரைத்த கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க நம்ம செக்கர் சார் வீட்டம்மாதானே? சார் எம்மேலயும் கேஸ் எழுதிருக்காருக்கா. டிக்கெட் குடுக்காம காச வாங்கிட்டேன், தப்புதான். சஸ்பெண்டு பண்ணிட்டாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நிறுத்தவில்லை.

"எழுதிட்டு சார் நோட்ட மூடிட்டாரு. 'இவன் வீட்டுல இன்னிக்கு ஒல கொதிக்காதுய்யா'ன்னு டிரைவர்ட்ட சொன்னாரு. 'நான் போயி எம்பொண்டாட்டி மொகத்தப் பாத்துட்டு வாரேன், அப்பறந்தான் அடுத்த வண்டியில ஏற முடியும்'னு கீரனூர்ல எறங்கிட்டாரு. எங்களுக்கெல்லாம் தெரியும்க்கா. யாரு மேலயாச்சும் கேஸ் எழுதுன அன்னிக்கு அவரு வீட்டுக்குப் போயிருவாரு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை என்னிடம் சொல்ல உங்களுக்கு என்ன கேடு வந்தது?

ஆனால் உங்களோடு குடித்தனம் நடத்தியவள் அல்லவா நான்? குளத்தூர் தாண்டுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. இவர் உங்களிடம் கையும் களவுமாக மாட்டியவர். புருஷனை இழந்தவள் மனசு குளிரட்டும் என்று ஒன்றை எடுத்துவிட்டிருக்கலாம். அப்படியானால் அந்தச் செருப்புகளை ஏன் பார்த்தீர்கள்?

மறுவாரம் நிறுத்தத்தில் காத்திருந்து அவர் வண்டியிலேயே ஏறினேன். மறந்துவிட்டவள் போல மறுபடி கேட்டேன். நோட்டை மூடியதிலிருந்து கீரனூரில் இறங்கியதுவரை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார்.

திருச்சியில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. நாளைக்கும் அந்த வண்டியில்தான் போகிறேன். இன்னொரு தரம் கேட்க வேண்டும்.