பூனைக்குத் தைத்த பனியன்

8.2.1966, செவ்வாய்
சரக்கறை வாசலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டாயிற்று. பழைய கதவின் அடியில் பூனை போய்வர ஒரு பொந்து இருந்தது. இதில் ஆறு கண்ணாடிகள். முதலாளி கிட்டுசாமி, கோவையில் ஏதோ பாங்கில் பார்த்தாராம். இன்று காலை மட்டும் நான்கு தடவை வெளியே போய் உள்ளே வந்தார். நான்கு தடவையும் வேலை இருந்ததாகத்தான் சொன்னார்.

11.2.66
பூனை கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. எலி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி மிகத் தெளிவானது.

3.3.66
கல்கத்தா வியாபாரியின் கடிதம் வந்தது. கூடவே ஒரு பார்சல். போன பேல் மூட்டையில் இரண்டு டஜன் பனியனில் ஓட்டை. இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்வாராம்.

ஒவ்வொரு பனியனையும் விரித்துப் பார்த்து, மடித்துக் கட்டுவது பூவாத்தாள். பதினோரு வருடமாக. கண் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு கம்பெனி நடத்த முடியாது, அடுத்த பேலோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி.

பூவாத்தாள் அழவில்லை. பார்சலிலிருந்து ஒரு பனியனை எடுத்து, ஓட்டையில் விரலை விட்டுக் காட்டினார். "இது மெஷின்ல ஊசி விட்ட ஓட்டை இல்லீங்க. ஊசி விட்டா ஏணிப்படியாட்ட எறங்கும். இது எலி கடிச்சதுங்க. நானு கட்டி வெச்சதுக்கப்புறம் கடிச்சது. பூனைக்கு வழியில்லாட்டி, இனி எலி பாத்து அனுப்பற சரக்குத்தான் கல்கத்தாவுக்குப் போகும்."

நான் வாசித்த எந்த வக்கீல் வாதமும் இத்தனை சுருக்கமாக இருந்ததில்லை. பூனை மூன்று வாரமாக வெளியே உட்கார்ந்திருந்ததை நானும்தானே பார்த்தேன்? மேனேஜர்னு பேரு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல.

5.3.66
முதலாளி இறங்கி வந்தார், ஒரு கண்ணாடி அளவுக்கு. இடது பக்கம் அடிக் கண்ணாடியைக் கழற்றிப் பலகை போட அனுமதி. அடுத்த பேலில் ஓட்டை இருந்தால் கண்ணாடி திரும்ப ஏறும், பூவாத்தாள் வெளியே.

தச்சர் சென்னிமலை பலகையில் வட்டமாக வெட்டி, கீல் வைத்து ஒரு மூடி மாட்டினார். அதற்குமுன் வாசல் எந்தத் திசை என்று கேட்டு, மனையடி அளவு பார்த்தார். பூனைக்குமா என்றேன். "வாசல்னா வாசல்தானுங்க" என்றார். நல்ல வேளை, கிரகப்பிரவேசம் கேட்கவில்லை.

7.3.66
மூடி வாலில் விழுந்தது. பூனை வரவில்லை. மனையடியில் வாலுக்குக் கணக்கில்லை போலும்.

மூடியைக் கழற்றிவிடலாம் என்றால், வெறும் ஓட்டையில் எலியும் வரும் என்கிறார் முதலாளி.

8.3.66
மதியம் சாப்பாட்டு நேரத்தில் பூவாத்தாள் இருபத்துநாலு சைஸ் குழந்தைப் பனியன் ஒன்றை எடுத்தார். கைத் துவாரங்களைத் தைத்து மூடினார். அடி ஓரத்தை ஓட்டையைச் சுற்றி ஆணியடித்தார்; கழுத்து சரக்கறைக்கு உள்பக்கம். பனியன் துவண்டு தொங்கித் தானாக மூடிக்கொண்டது.

எலி இதிலும் வருமே என்றார் முதலாளி.

"வரட்டுங்க. அந்தப் பக்கம் ஆரு உக்காந்திருக்கறாங்கன்னு அதுக்குத் தெரியாதுங்க."

கருவாடு ஒன்றைக் கழுத்துக்கு நேரே பிடித்தார். முதலில் பனியன் உப்பியது. பிறகு கழுத்துப் பட்டை விரிந்து மூக்கு, காது, ஒரு கால். இந்த ஊரில் பனியன் போடாதவன் இல்லை. இத்தனை கம்பீரமாக ஒருவரும் போட்டு நான் பார்த்ததில்லை. பட்டை உடனே பழையபடி சுருங்கிக்கொண்டது.

முதலாளி சிரித்தார். நான் பார்ப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

2.4.66
பேல் கட்டுமுன் முதலாளியே ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்தார். ஓட்டை இல்லை. பிரித்ததையெல்லாம் பூவாத்தாள் மறுபடி மடித்தார், ஒரு பெருமூச்சுகூட இல்லாமல்.

29.4.66
கல்கத்தாவிலிருந்து கடிதம்: சரக்கு சுத்தம், மேலும் அனுப்பவும். முதலாளி இரண்டு தடவை படித்துவிட்டு ஃபைலில் போடச் சொன்னார். நான் போடவில்லை. மடிக்கிற மேசைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி பூவாத்தாளுக்கு வாசித்துக் காட்டினேன். "செரிங்க" என்றார். கை நிற்கவில்லை.

16.5.66
முதலாளி இன்று வெகுநேரம் கதவருகே நின்றார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. பிறகு மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க பூவாத்தா, அந்த இருபத்திநாலக் கழட்டிப்போட்டு இருபத்தெட்டு மாட்டுங்க. பூனை மாசமா இருக்குது."

பூவாத்தாள் கழிவுச் சரக்குக் கூடைப் பக்கம் கையை நீட்டினார்.

"அதுல வேண்டாங்க. கல்கத்தாவுக்கு வெச்சதுல எடுங்க."