முடிவை முந்திச் சொன்னவன்

குட்டிம்மாவுக்கு,

நீ போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

பழைய மர்மத் தொடர்களைப் பார்க்கும்போது, முடிவை யார் முதலில் சொல்வது என்று நமக்குள் போட்டி நடக்குமே. லிஃப்டில் சிக்கியவன் கதையில், "அவன் அப்பவே செத்துட்டான்பா!" என்று நீதான் ஜெயித்தாய். அந்தப் பழக்கத்தில், நீ முதன்முதலாக எழுதிய கதை டிவியில் ஓடும்போது, உன் மாமியார் வீட்டார் முன்னால் பாதியிலேயே கத்திவிட்டேன்.

"எதிர் நாற்காலியில மக இல்லவே இல்ல! கெழவன் தனியாப் பேசிட்டிருக்கான்!"

போதாக்குறைக்கு, "கெழவனுக்கு இந்தக் கேவலமான சட்டைய எங்கேர்ந்து புடிச்சாங்க?" என்று சிரிப்பு வேறு. நீ எழுந்து உள்ளே போனாய். நான் ஜெயித்த குஷியில் கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டாள்: "போன மாசம் உங்க பழைய சட்டைய அவ எதுக்கு வாங்கிட்டுப் போனான்னு நெனச்சீங்க?"

ஸ்கூட்டர் பட்டறையில் ஒட்டிய கிரீஸ் கறைகூட அப்படியே இருந்ததாம். முடிவைக் கண்டுபிடித்த புத்திசாலிக்கு, பத்து வருடம் போட்ட சொந்தச் சட்டை அடையாளம் தெரியவில்லை.

நேற்று வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி பார்த்தேன். கடைசியில் கிழவன் காலி நாற்காலியைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்கிறான். அன்று அந்த வசனம் என் சத்தத்தில் யாருக்குமே கேட்டிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்து உன் எதிரில் உட்காருகிறேன். திட்டுவதாக இருந்தாலும் சரி, நீ சொல்லும்மா.

இப்படிக்கு,
அந்தச் சட்டைக்காரன்