காப்பித் தோட்டுக் கரி

1938 டிசம்பர் 4, ஞாயிறு

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இன்று வந்ததெல்லாம் வயிற்றுப்போக்கு. எல்லாரும் ஓடைக்குக் கீழே இருக்கும் ஊர்க்காரர்கள். மேலே எங்கள் பல்ப்பர் மெஷின் காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவிய தண்ணீரை அப்படியே ஓடையில் விடுகிறது. ஒரே நாற்றம். அந்த ஊர்ப் பாவாயி கைக்குழந்தையோடு மறுபடி வந்தாள். பிள்ளை நூலாக இளைத்துவிட்டது. கம்பவுண்டர் நான், பிள்ளைக்கு மருந்து கலக்கிக் கொடுக்கலாம். ஓடைக்கு என்ன கொடுப்பது?

டிசம்பர் 6

கழிவுத் தண்ணீருக்கு ஒரு குழி வெட்டச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். ஒத்துக்கொண்டார். அதுவே பெரிது. ஆனால் பழம் பறித்து முடிந்த பிறகுதானாம்.

டிசம்பர் 11

அதுவரை பிள்ளை தாங்குமா? சாமை உமியைக் கருக்கி, மணலோடு ஓட்டைப் பானையில் அடைத்து, ஓடைத் தண்ணீரை ஊற்றி வடித்தேன். தெளிந்தது. நாற்றமும் இல்லை. ஊருக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். பெண்கள் சிரித்தார்கள்.

"ஏனுங்க, பல்லு வெளக்கித் துப்பற கரியில ஊத்துன தண்ணிய எப்படீங்க குடிக்கறது?"

உமிக்கரி! தினமும் காலையில் நானும் அதைத்தானே வாயில் போடுகிறேன். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

டிசம்பர் 12

ஒருத்தியும் குடிக்காமல் சிரித்ததில் வந்த கோபம் தீரவில்லை. எக்கேடு கெட்டும் போகட்டும் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

டிசம்பர் 17

களத்துக்குப் பின்னால் காப்பிக்கொட்டையை இடித்து நீக்கிய தோடு, அதன் காய்ந்த மேலோடு, குவிந்து கிடக்கிறது. யாருக்கும் வேண்டாதது. மூடிய சட்டியில் போட்டுக் கருக்கினேன். இதில் எவரும் பல் விளக்குவதில்லை! வடித்ததைக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். பாவாயி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். "ருசியே இல்லீங்க" என்றாள். அதுதானம்மா வேண்டும்.

1939 ஜனவரி 3

பிள்ளை தேறிவிட்டது. ஊரில் வீட்டுக்கு வீடு பானை. சந்தோஷமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 9

முதலாளி ஊருக்குள் போய்ப் பானைகளைப் பார்த்தார். என் முதுகில் தட்டினார். பிறகு மேஸ்திரி காளியண்ணனைக் கூப்பிட்டு, "குழி வேண்டாம்ப்பா. அதுதான் தண்ணி சுத்தமாயிருச்சே" என்றார். "இல்லீங்க, ஓடை —" என்று ஆரம்பித்தேன். அவர் குதிரையேறிவிட்டார்.

ஜனவரி 22

இரண்டாவது பல்ப்பர் வந்து இறங்கியது. பெரிது.

பிப்ரவரி 2

பாவாயியின் புருஷன் சின்னக்கண்ணு வந்தார். மருந்துக்கு அல்ல. அவருடைய மாடுகள் ஓடையில் வாய் வைக்க மாட்டேன் என்கின்றனவாம்.

"அதுகளுக்கு எத்தன பானைங்க வடிக்கோணும்?"

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காத்து நின்றார்.

தோட்டை அள்ளிச் சட்டியில் போட்டு அடுப்பு மூட்டினேன்.