குதிரையா, சூலமா?

என் செல்ல அண்ணாவுக்கு,

நாலு நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குதிரையையும் சூலத்தையும் ஒரே கூரையின் கீழ் பார்த்துவிட்டேன். படத்தில் இல்லை, நிஜமாக.

ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில் சின்ன வயதிலிருந்து நாம் சண்டை போட்ட அதே இரண்டு இத்தாலி கார்கள். துள்ளும் குதிரை பொறித்தது என் கட்சி, சூலம் பொறித்தது உன் கட்சி. பட்டான்செருவில் ஒரு ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பழைய கார்கள் சேர்க்கிறவர் ஒருவர், மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கிற தமிழர், இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறார். குடும்பத்தோடு தூரப் பயணம் போக ஒன்று போதுமாம். எதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல, வண்டி பரிசோதிக்கிற என்னைக் கூப்பிட்டார். நம்புவாயா?

முதலில் குதிரையைக் கிளப்பினேன். பன்னிரண்டு சிலிண்டர், அண்ணா. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். சூலத்துக்கு எட்டுதான், குரலும் கட்டை, ஸ்டியரிங் வேறு கனம். அதுவரை நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். முறைக்காதே.

அப்புறம் நீ வைத்த பரீட்சை. அப்பா ஓட்ட, நான் முன்னால், நீயும் அம்மாவும் பின்னால், நாலடுக்கு டிபன் கேரியரோடு கும்பகோணம் போய்ச் சேரணும், சாம்பார் சிந்தக்கூடாது. ஒரே ஸ்கூட்டரில் நாலு பேர் தொற்றிக்கொண்டு போன நாம் வேறு எப்படி அளப்போம்? அதனால் அம்மாவையும் கேரியரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

குதிரையின் பின்சீட்டில் அம்மாவுக்குக் காலை மடக்கவே இடமில்லை. கேரியர் மடியில் ஏறியது. சூலத்திலோ நன்றாகச் சாய்ந்து, கேரியரைக் காலடியில் நேராக வைத்துவிட்டு, "இறங்கணுமாடி?" என்று கேட்டாள். சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ கேட்டது அதுதானே. "இப்பவாவது ஒத்துக்கோயேண்டி, சூலம்தான்னு." நான், "போடா, வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றேன். நீ வந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

சூலம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். கார்க்காரர் நம்பாமல், இந்த ஊர் உருது கலந்து ஏன் என்று கேட்டார். "கைக்கு மேடம்? எல்லாரும் குதிரையைத்தானே கேக்கறாங்க?"

"பின்சீட்ல உக்காந்து பாருங்க சார்."

உட்கார்ந்து பார்த்தார். காலை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஹவ், ஆமா" என்று தலையாட்டினார். நீ ஜெயித்துவிட்டாய். அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லையே என்று ஆத்திரமாக வருகிறது.

சங்கராந்திக்கு ஒரு நாள் வண்டியைத் தருகிறேன் என்றிருக்கிறார். அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஊரைத் தாண்டி ஒரு நல்ல தூரம் ஓட்டப்போகிறேன். பின்சீட்டில் அவள் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கும். கேரியர் காலடியிலேயே வரும், அண்ணா. உன் இடத்தில் அதை வைக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
ஒருவழியாக ஒத்துக்கொண்ட,
உன் தங்கச்சி